சிறு விமானத்தில் அலாஸ்காவுக்கு

கனடாவின் கால்கரியில் வசிக்கும் என் தங்கை மகன், வரும் ஜூனில் நண்பர் ஒருவரோடு நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 172 விமானத்தில் அலாஸ்கா வரை சென்றுவரத் திட்டமிடுகிறான். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக் கணக்கை முடித்தபின் வரைபடத்தை விரித்து அவனோடு பேசுவதே இப்போது என் இரவு வேலை.

அலாஸ்கா நெடுஞ்சாலையை ஒட்டியே பறப்பது என்று முடிவாகியிருக்கிறது. 1942இல் அச்சாலை அமைக்கப்பட்டதே ஃபோர்ட் நெல்சன், வாட்சன் லேக், ஒயிட்ஹார்ஸ் முதலிய போர்க்கால விமானத் தளங்களை இணைத்துச் செல்லும்படிதான் என்பதால், எரிபொருள் நிரப்பவும் அவசரத்துக்கு இறங்கவும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் ஒயிட்ஹார்ஸில் ஏறத்தாழ 19 மணி நேரம் பகல். வெளிச்சம் இருக்கிறதே என்று களைப்போடு பறக்கக் கூடாது என்பது என் கண்டிப்பு. காட்டுத்தீப் புகை சூழ்ந்தால் தரையிலேயே காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், அதற்கும் சில நாள்களை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அலாஸ்கா சட்டப்படி அவசரகால உயிர்காப்புப் பொருள்கள் கோடையிலும் விமானத்தில் இருக்க வேண்டும். “எடை கூடுமே, மாமா” என்கிறான். துணிமணியைக் குறைக்கட்டும்.