மார்ச் மஸ்டர்

மார்ச் 3, 2025, திங்கள்

மகளை முதல் பரீட்சைக்கு விட்டுவிட்டுப் பட்டறைக்கு வரும்போது எட்டரை. முதலாளி அறை பூட்டியே கிடக்கிறது. சாவி முதலாளி மகன் சின்னவரிடம். சின்னவர் அப்பாவோடு ஆஸ்பத்திரியில்.

ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வருஷா வருஷம் வரும் மெயில் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் சம்பளப் பட்டியல், பிஎஃப், இஎஸ்ஐ சலான்கள், தொழில்வரி ரசீது, போனஸ் ஒதுக்கு, கிராச்சுட்டி, அதாவது வேலையை விட்டு விலகும்போது கொடுக்கவேண்டிய பணிக்கொடை, பாக்கி எவ்வளவு. போன வருஷம் அந்தக் கடைசி வரிக்கு எதிரே முதலாளி பச்சைப் பேனாவில் "அப்புறம்" என்று எழுதி அனுப்பினார். இந்த வருஷம் யார் எழுதுவது?

மார்ச் 5, புதன்

லேத் அய்யாவின் ஃபைலைத் திறந்தால் மூடவே முடிவதில்லை. பிஎஃப்பில் பிறந்த தேதி 10-03-1967. ஆதாரில் 01-01-1965. ஆதாரில் ஜனவரி ஒன்று என்று இருந்தாலே, வருஷத்தை மட்டும் சொல்லியிருக்கிறார், மீதி தானாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் மஸ்டரில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், 23 பேர். அதில் ஆறு பேர் ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்.

டீ வேளையில் கேட்டேன். "அண்ணா முதலமைச்சரான வாரம் பொறந்தேன்னு எங்காத்தா சொல்லுமுங்க" என்றார். அண்ணா பதவியேற்றது 1967 மார்ச் 6. ஆத்தா கணக்குப்படி பிஎஃப்பில் இருப்பதுதான் சரி. ஆனால் ஆத்தாவை ஸ்கேன் செய்து ஏற்ற முடியாது.

வயது 58 முடிந்துவிட்டால் நாம் கட்டும் பங்கில் 8.33 சதவீதம் பென்ஷன் பக்கம் போகக்கூடாது. முழு 12-ம் பிஎஃப்பில்தான் விழவேண்டும். ஆதாரை எடுத்துக்கொண்டால் 2023 ஜனவரியோடு முடிந்தது. அப்படியானால் மாதம் 1,250 வீதம் 26 மாதம், 32,500 ரூபாய் தப்பான பையில் கிடக்கிறது. ஆத்தாவை எடுத்துக்கொண்டால் வருகிற திங்கட்கிழமைதான் முடிகிறது. இரண்டும் பொருந்தும்வரை அவர் பென்ஷனுக்கு எழுதிப்போட முடியாது.

அவர் கேட்டது வேறு. "வட்டி இந்த வருசமும் எட்டேகாலுதானுங்களா?" அதேதான், 8.25, போன வாரம்தான் முடிவு செய்தார்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் லேத்தின் சக்கைத் திருகினார்.

மார்ச் 7, வெள்ளி

பிப்ரவரி சம்பளம் போட்டாச்சு. முதலாளி அட்மிட் ஆகுமுன் கையெழுத்துப் போட்டுவைத்த செக் ஒன்று இருந்தது. இனி இல்லை.

மார்ச் 8, சனி

ஆபரேஷன் திங்கட்கிழமை.

மார்ச் 10, திங்கள்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மதியம்வரை போன் இல்லை. நான் டாலி கணக்கு சாஃப்ட்வேரில் ஜூலை மாத ஓவர்டைமை மஸ்டரோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வரியை எத்தனை தடவை படித்தேனோ. மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆர்டர் பம்ப் கம்பெனிக்குப் புதன்கிழமை போகவேண்டும். யாரும் ரேடியோ வைக்கவில்லை.

மூணேகாலுக்கு சின்னவர் கூப்பிட்டார். "நல்லபடியா முடிஞ்சுதுக்கா." கிரைண்டிங் பாய் வெளியே போய் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிவந்தார். அவர் நோன்பு. எடுத்து எடுத்து மற்றவர்களுக்கே கொடுத்தார்.

லேத் அய்யாவுக்கு இன்றோடு 58. ஆத்தா கணக்கில்.

மார்ச் 12, புதன்

சின்னவர் மூன்று நாள் தாடியோடு வந்தார். லேப்டாப்பைத் திறந்து, சனிக்கிழமை கட்டவேண்டிய பிஎஃப் எவ்வளவு என்றார். 81,500 என்றேன். இஎஸ்ஐ தனி.

"பிஎஃப்பை அடுத்த மாசம் சேத்துக் கட்டிக்கலாமாக்கா? ஆஸ்பத்திரியில இன்னும் ரெண்டு லட்சம் கட்டச் சொல்றாங்க. 12 பர்சன்ட் வட்டிதானே, சமாளிச்சுக்கலாம்."

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். புத்திசாலிப் பையன். வட்டி விகிதத்தைச் சரியாகச் சொன்னார். நான் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்காட்டினேன். 3,26,000 சம்பளத்துக்குத் தொழிலாளிகள் பங்கு 39,120. நம் பங்கு 39,120. நிர்வாகச் செலவு 1,630, இன்சூரன்ஸ் 1,630. "இந்த முதல் 39,120 போன வெள்ளிக்கிழமையே அவங்க சம்பளத்துல பிடிச்சாச்சு தம்பி. அது நம்ம பேங்க்ல இருக்கு, அவ்வளவுதான்." 

அப்புறம் வரி விஷயத்தையும் சொன்னேன். நம் பங்கைத் தாமதமாகக் கட்டினால் ரிட்டர்ன் போடுவதற்குள் கட்டிவிட்டோம் என்று செலவில் காட்டலாம். அவர்களிடம் பிடித்தது 15-ஆம் தேதியைத் தாண்டினால் அது நம் வருமானமாகவே நிற்கும், பிறகு கட்டினாலும் கழிக்க முடியாது. 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. வட்டிக்கு மேல் தண்டம் வேறு.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த இரண்டு லட்சம்தான் மனதில் ஓடியது. அப்பாவை ஐசியூவில் வைத்துக்கொண்டிருப்பவனிடம் நான் சட்டம் பேசிவிட்டு வந்திருக்கிறேன். பேசாமலும் இருந்திருக்க முடியாது.

மார்ச் 13, வியாழன்

போன் வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. ஒடிசாப் பையன்கள் நாலு பேர் நேற்றே ரயில் ஏறிவிட்டார்கள். ஒருவன் மட்டும் திரும்பமாட்டேன், கணக்கை முடித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். 240 நாளைத் தாண்டியிருக்கிறான், இருபது நாளுக்கு ஒன்று என்று லீவு சம்பளம் உண்டு. போனஸும் நாள் கணக்கில் உண்டு. தமிழில் கையெழுத்துப் போட இங்கே வந்துதான் கற்றுக்கொண்டான். அந்தக் கையெழுத்து மஸ்டரில் மாதாமாதம் நேராகிக்கொண்டே வந்திருப்பதைப் பார்க்கலாம்.

மார்ச் 15, சனி

இதை எழுதிவைக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு சின்னவர், "கட்டிடுங்கக்கா, மாமாகிட்ட கைமாத்து வாங்கிட்டேன்" என்றார். சலான் நேற்றே தயார். பேங்க் பாஸ்வேர்டு என்னிடம் உண்டு. ஓடிபி வருவது முதலாளியின் போனுக்கு. போன் முதலாளியம்மா கையில். முதலாளியம்மா ஐசியூ வாசலில்.

முதல் தடவை கூப்பிட்டபோது, "அம்மிணி, மெசேஜு எங்கிருக்குன்னு தெரியலயே" என்றார். பக்கத்தில் இருந்த யாரோ திறந்து கொடுத்தார்கள். படித்தார். அது சிலிண்டர் புக்கிங் மெசேஜ். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை சரியான மெசேஜ்தான், கண்ணாடி இல்லை. மூன்றை எட்டு என்றார். அடுத்ததும் தவறினால் கணக்கைப் பூட்டிவிடும். நான் கையை எடுத்துவிட்டேன். "அம்மா, கண்ணாடி போட்டுக்கங்க. நான் காத்திருக்கிறேன்" என்றேன். பையைத் துழாவுகிற சத்தம். யாரோ நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிடுகிற சத்தம். அப்புறம் ஒவ்வோர் எண்ணாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். "ஆமா, ஆமா" என்றார் ஒவ்வொன்றுக்கும்.

கட்டியாச்சு. இஎஸ்ஐக்கு மறுபடி ஒரு ஓடிபி. இந்தத் தடவை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இது எதுக்கு அம்மிணி?" என்றார். பையன்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்றேன். "அவிகளுக்கு வேண்டாம்ப்பா, ஒண்ணும் ஆக வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

டிசைனர் சண்டைக்கு வந்துவிட்டார். "12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு டிவியில சொன்னாங்கல்ல, எனக்கெதுக்குப் பிடிக்கறீங்க?" பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து இதே கேள்வி. அது ஏப்ரலுக்கு மேல் வாங்கும் சம்பளத்துக்கு. இந்த வருஷத்துக்கு ஏழு லட்சம்தான். வருஷம் 8,40,000. நிலையான கழிவு 75,000 போனால் 7,65,000. வரி 26,500, செஸ்ஸோடு 27,560. மாதம் 2,000 வீதம் 22,000 பிடித்தாயிற்று, மார்ச்சில் 5,560 பிடிக்கவேண்டும். அவரே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து பூஜ்யம் என்று சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலாளிக்குக் காய்ச்சல் என்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

காய்ச்சல் இறங்கவில்லை. மகள் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

சிஎன்சி செட்டருக்குப் பிப்ரவரியில் முதலாளி 1,200 ஏற்றினார். 20,400 இப்போது 21,600. இஎஸ்ஐயில் இருக்கச் சம்பள உச்சவரம்புக் கோடு 21,000. நடுவில் தாண்டினாலும் அக்டோபர்-மார்ச் முடியும்வரை பிடித்துக் கட்டவேண்டும், ஏப்ரலில் வெளியே. இதைச் சொன்னதும் பையன் முகம் மாறிவிட்டது. அவன் அம்மாவுக்கு இஎஸ்ஐ மூலமாகத்தான் டயாலிசிஸ்.

"அந்த 1,200-ஐ திருப்பி எடுத்துக்குங்க மேடம்."

சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு தொழிலாளி கெஞ்சுகிறான். 2017 ஜனவரியில் போட்ட கோடு அங்கேயே நிற்கிறது, விலைவாசி மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. பிஎஃப்பின் உச்சவரம்பு 15,000 அதற்கும் மூத்தது, 2014. கொஞ்சம் ஓவர்டைமாகக் காட்டலாமா என்று சின்னவர் கேட்டார். ஓவர்டைமை உச்சவரம்புக்கு எண்ணமாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் செய்யாத ஓவர்டைமை மஸ்டரில் நான் எழுதமாட்டேன். கடைசியில் ஏப்ரலிலிருந்து 20,900 என்று பையனே எழுதிக் கொடுத்தான். சின்னவர் அதில் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காய்ச்சல் இறங்கியது.

மார்ச் 25, செவ்வாய்

மகளுக்குப் பரீட்சை முடிந்தது. ஹோட்டலில் சாப்பிட்டோம். சாப்பிடும்போதும் 2,73,000.

லேத் அய்யாவின் கிராச்சுட்டிக் கணக்கு இது. மாதச் சம்பளம் 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் 700. பதினைந்தால் பெருக்கினால் 10,500. 1999 ஜூனில் சேர்ந்தார். 25 வருஷத்துக்கு மேல் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டதால் 26 வருஷம். 2,73,000. சுத்தமான எண், ஒரு பைசா தொங்கவில்லை. லேத் அய்யா ஒருவருக்கு மட்டும். "அப்புறம்" என்று பச்சைப் பேனாவில் எழுதியதற்குள் இதுதான் இருந்தது. எல்ஐசியில் குரூப் கிராச்சுட்டி போடலாம் என்று 2016-லேயே கொட்டேஷன் வாங்கி வைத்தார் முதலாளி. அது இன்னும் டிராயரில் இருக்கிறது.

பென்ஷன் என்ன வரும் என்றும் போட்டுப் பார்த்தேன். 2014-க்கு முந்தைய வருஷங்களுக்கு 6,500-தான் உச்சம், பிறகுதான் 15,000. நாலாயிரம் தேறினால் பெரிது. அதனால்தான் இந்த 2,73,000 விடமாட்டேன் என்கிறது.

மார்ச் 27, வியாழன்

சின்னவரிடம் தொகையைச் சொன்னேன். வெகுநேரம் திரையையே பார்த்தார். "அவர் இன்னும் ரெண்டு வருசம் வேலை பாக்கட்டுமே. நல்லாத்தானே இருக்கார்?" நன்றாகத்தான் இருக்கிறார். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரை விரல் நுனியில் தடவிச் சொல்லிவிடுவார். இருந்தாலும் பாக்கி பாக்கிதானே, நிற்கிற வருஷத்துக்கெல்லாம் 10,500 கூடும். சின்னவர் அதை யோசித்திருக்கமாட்டார் என்று நினைத்தேன். யோசித்திருந்தார். "மாசம் பத்தாயிரம் தனியா எடுத்து வெக்கறேன்க்கா, அப்பாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம்."

போனஸ் ஒதுக்கை விட்டுவிடலாமா, இந்த வருஷம் நஷ்டம்தானே என்று அடுத்த கேள்வி. நஷ்டமானாலும் 8.33 சதவீதம் கட்டாயம். விடவில்லை.

மார்ச் 28, வெள்ளி

லேத் அய்யா லீவு போட்டு அன்னூர்ப் பக்கம் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய் சான்றிதழ் வாங்கிவந்தார். மூன்றாம் வகுப்புவரை படித்திருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி 05-06-1966.

இப்போது மூன்று தேதி. ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வயசு பற்றவில்லை என்று வாத்தியாரே ஜூனைப் போட்டிருப்பார் என்று அவர் சிரிக்கிறார். காகிதம் கையில் இருப்பது இது ஒன்றுதான். இதை வைத்து ஆதாரைத் திருத்தி, அப்புறம் பிஎஃப்பில் திருத்தம் எழுதினால், 58 முடிந்தது போன வருஷம் ஜூனில். ஜூலையிலிருந்து பிப்ரவரிவரை எட்டு மாதம், 10,000 இடம் மாறவேண்டும்.

"எதை வேணாலும் போடுங்க மேடம். நான் பொறந்தது பொறந்ததுதானுங்களே."

மார்ச் 29, சனி

இன்று சனிப்பெயர்ச்சி என்கிறது திருக்கணிதம். வாக்கியப்படி அடுத்த வருஷம்தானாம். பட்டறையில் இரண்டு கட்சி. நான் தொழில்வரிப் பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தேன். அரையாண்டுக் கணக்கு, மாநகராட்சிக்கு. போய்விட்ட ஒடிசாப் பையன் பெயரை எடுத்தேன்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். பாய் வீட்டிலிருந்து பிரியாணி. அரசாங்க வரவுக்காக பேங்க் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவு, அதனால் எனக்கும் லீவு இல்லை. பன்னிரண்டு மாதமும் டாலியும் மஸ்டரும் சலானும் பொருந்துகின்றன, நவம்பரில் ஒரு ரூபாய் தவிர. இஎஸ்ஐயில் ஆளுக்கு ஆள் மேல்நோக்கி முழு ரூபாயாக்குவார்கள், அதில் வருகிற ஒரு ரூபாய். எல்லா வருஷமும் ஏதாவது ஒரு மாதத்தில் வருகிறது. ஆடிட்டர் ஆபீஸ் பெண் இதைக் கேட்பாள். சொல்லுவேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பேங்க் இல்லை. முதலாளி நேற்று வார்டுக்கு மாறிவிட்டார். போனில் குரல் மெலிந்து இருந்தது. முதல் கேள்வி, "சம்பளம் போட்டியா அம்மிணி?" ஏழாம் தேதி போடுவோம் முதலாளி என்றேன். "லேத்துக்காரனுக்கு வயசாச்சே, என்ன பண்ணுனீங்க?" என்றார் அடுத்து. சின்னவர் போனை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

புது மஸ்டர் கட்டியிருக்கிறேன். 22 பெயர். லேத் அய்யா எட்டு மணிக்கே வந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டார். அவர் பெயரை ரெகுலரில் எழுதுவதா, கணக்கை முடித்துப் புதிதாக எழுதுவதா என்று சின்னவரைக் கேட்டேன். ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பென்சிலில் எழுதியிருக்கிறேன்.