பிளக் துளைக்குள் ஒரு கமரா: மொரிஸ் மைனரோடு மூன்று சனிக்கிழமைகள்

2016 ஒக்டோபரில் செபாங்கில் நடந்த ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயமான மலேசிய கிராண்ட் பிரி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த லூயிஸ் ஹாமில்டனின் காரின் பின்பக்கத்தில் திடீரென்று நெருப்பு. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் அடியில் இருக்கும் பெயரிங் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். அப்படி உடையும் என்ஜின் தன் ஒயிலைத் தடத்தில் கொட்டினால் பின்னால் வருகிறவனின் ரயருக்குப் பிடிமானமே இருக்காது. அதை எச்சரிக்கத்தான் மஞ்சளும் சிவப்பும் கோடு போட்ட கொடி. உடைவதற்கு முன்பே உள்ளே பார்ப்பது எப்படி என்று அன்றைக்குத் தேடத் தொடங்கியவன்தான்.

ஃபார்முலா ஒன்னில் என்ஜினுக்கு முத்திரை வைத்திருப்பார்கள், நினைத்தபடி கழற்ற முடியாது. 2018இல் ஒரு ஓட்டுநருக்கு முழுப் பருவத்துக்கும் 3 என்ஜின்தான். அதற்கு மேல் எடுத்தால் புறப்படும் இடத்தில் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதனால் பெற்றோலுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையால் போரஸ்கோப்பை விடுகிறார்கள். நுனியில் கமராவும் வெளிச்சமும் உள்ள மெல்லிய குழாய் அது. பிஸ்டன் தலையில் வெடிப்பு, சிலிண்டர் சுவரில் கீறல், வால்வு விளிம்பில் தீய்வு, எல்லாம் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் 1000 கார். 948 சிசி, 37 குதிரைவலு. கொஞ்ச நாளாக, கார் நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது ஒரு தடக்கல் இருந்தது. போனில் செருகுகிற 5.5 மில்லிமீற்றர் கமரா ஒன்றை வாங்கினேன். பிளக் துளை 14 மில்லிமீற்றர் என்பதால் தாராளமாகப் போகும்.

முதல் சனிக்கிழமை கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளந்தேன். 1, 2, 4 ஆம் சிலிண்டர்கள் மூன்றும் 125 பிஎஸ்ஐக்கு அக்கம்பக்கம். 3 மட்டும் 85. ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தேன், ஏறவில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். அப்போ பெரும்பாலும் வால்வாக இருக்க வேண்டும்.

அடுத்த கிழமை கமராவை விட்டேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பளபளவென்று ஒரு வெள்ளை வட்டம், அவ்வளவுதான். நுனி விளக்கைக் குறைத்ததும் படம் தெளிந்தது. ஒரு விரல் நீளம் தள்ளிப் பிடித்தால்தான் ஃபோகஸ் வருகிறது. பிஸ்டன் தலை முழுக்க, வெடித்த குளத்து மண் மாதிரிக் காபன். வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது, கமரா பார்ப்பது கீழே. அதற்கென்று வந்த சின்னக் கண்ணாடியை நுனியில் கொழுவி விட்டேன். வெளியே இழுக்கும்போது பிளக் துளையின் மரையில் தட்டி, கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது. நெஞ்சு பதறிப்போனது. அந்த நிலையில் என்ஜினைக் கையால் சுழற்றும் ஹாண்டிலைச் சுற்றியிருந்தால் பிஸ்டனும் ஹெட்டும் அதை நசுக்கியிருக்கும். மெல்லிய கம்பியை வளைத்து, கமராவில் பார்த்துப் பார்த்து எடுக்க ஒன்றரை மணித்தியாலம். கண்ணாடியை நூலால் கட்டாமல் யாரும் உள்ளே விடாதீர்கள்.

மூன்றாம் சனி கொக்குவிலில் இருந்து கராஜ்கார அண்ணையைக் கூட்டிவந்தேன். ஸ்குரூட்ரைவரின் பிடியைக் காதில் வைத்து என்ஜின் சத்தம் கேட்பவர். நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு நான் ஹாண்டிலை மெல்லச் சுற்ற, 3இல் புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ட் வால்வு திறந்தது. விளிம்பில் நகம் கடித்த மாதிரி ஒரு துண்டு இல்லை. அந்த இடம் சுற்றியிருப்பதை விட வெளிறியிருந்தது.

போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். “தம்பி, உது தின்னுப்போச்சு. எனக்குச் சத்தத்தில பிழை தெரியும், எந்த இடமெண்டு இப்பிடிக் கண்ணால காணேலாதே.” கொஞ்சம் பொறுத்து, “உந்தக் காபனைப் பாத்தியோ? மண்ணெண்ணெய்க் காலத்துக் கரியும் உதுக்குள்ள கிடக்கும்” என்றார். 1990களில் யாழ்ப்பாணத்துக்கு இருந்த பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. அதற்குப் பிறகு ஹெட் திறந்ததே இல்லை.

ஏன் 3? இந்த என்ஜினில் 2இன் எக்ஸோஸ்ட் வால்வும் 3இன் எக்ஸோஸ்ட் வால்வும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே வழியால் புகை விடுகின்றன. சூடு அதிகம் சேரும் இடம் அது. சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி அந்தத் துளையாலும் கமராவை விட்டுப் பார்த்தேன். கேத்தலின் அடியில் பிடிப்பது போல வெள்ளைப் படிவு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லூடாக வருவது. ரேடியேட்டருக்கும் அதைத்தான் இவ்வளவு காலமும் விட்டோம். சூடு வெளியேற வழியில்லாமல் வால்வு எரிந்தது என்றுதான் நினைக்கிறேன். இனி மழைத்தண்ணீரைப் பிடித்துக் கூலன்ட் கலந்துதான் விடப்போகிறேன்.

கமராவுக்கு எட்டாத இடமும் உண்டு. செபாங்கில் போனது போன்ற பெயரிங் பிஸ்டனுக்குக் கீழே, பிளக் துளையால் காணவே முடியாது. அதற்குப் பந்தய அணிகள் ஒயில் மாதிரியைத் தடத்திலேயே சோதித்து அதில் கலந்த உலோகத்தை அளக்கின்றன. இரும்பு கூடினால் சுவரோ ரிங்கோ, அலுமினியம் என்றால் பிஸ்டன், செம்பும் ஈயமும் என்றால் பெயரிங். என்னிடம் அந்தக் கருவி இல்லை. ஒயிலை வெள்ளைத் துணியில் வடித்து, காந்தத்தால் தடவினேன். கறுப்புப் பசை கொஞ்சம் ஒட்டியது. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் செம்பு மினுக்கம் இல்லை. பெரிய நிம்மதி.

கார் இப்போதும் ஸ்டார்ட் ஆகும். ஆனாலும் எடுக்கவில்லை, அம்மா வெள்ளிக்கிழமை நல்லூருக்கு ஓட்டோவில் போகிறா. புது வால்வும் ஹெட் கஸ்கட்டும் கொழும்பு பஸ்ஸில் வந்துவிட்டன. வருகிற சனி காலை 7 மணிக்கு அண்ணை வருவார், ஹெட்டைத் திறக்கிறோம். திறந்ததும் வால்வைக் கமராப் படத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.