சூரியனின் கரோனாதான் ஒளியை வளைக்கிறது என்று பேப்பர் அனுப்பினேன்

எழுதி முடிக்க நாலு மாதம் ஆனது. அதை ஒருவரை உருப்படியாகப் படிக்க வைக்கப் பதினான்கு மாதம்.

என் வாதம் இதுதான்: சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி 1.75 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600-ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்) வளைவதற்கு ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் தேவையில்லை, சூரியனைச் சுற்றியுள்ள மெல்லிய வெளி மண்டலமான கரோனாவில் நடக்கும் ஒளிவிலகலே போதும், நம் காற்று மண்டலம் அடிவானத்துச் சூரியனைத் தூக்கிக் காட்டுகிறதே அந்த மாதிரி. இந்த வளைவை அளந்த 1919 சூரிய கிரகணத்தின்போது பிரேசிலின் சோப்ராலில் ஒரு தொலைநோக்கியின் தகடுகள் 0.93 என்று, அதாவது நியூட்டன் கணக்கு தரும் 0.87-க்குப் பக்கத்தில் காட்டியும், முடிவில் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள் என்று படித்த நாளிலிருந்தே எனக்கு உறுத்தல்.

டைப்செட்டிங், படங்கள் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. முதல் ஜர்னல் மூன்றே நாளில் திருப்பி அனுப்பியது, எங்கள் எல்லைக்குள் வராது என்று ஒரு வரி. இரண்டாவதில் பதினொரு வாரம் 'ஆசிரியர் பார்வையில்' என்றே நின்றது, இரண்டு முறை நினைவூட்டினேன், அப்புறம் அதே பதில். எங்கே தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. தலைப்பில் 'ஐன்ஸ்டீனின் பிழை' என்று வைத்திருந்தேன், அதைப் பார்த்ததுமே மூடிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் அனுப்புவதானால் தலைப்பில் எந்த அளவீட்டைக் கேள்வி கேட்கிறீர்கள் என்பது மட்டும் இருக்கட்டும். இடையில் பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போட்டுவிடுகிறோம் என்று மெயில்கள் வரும். தொடவே வேண்டாம், அங்கே யாரும் படிக்கமாட்டார்கள்.

ஜர்னலில் வருமுன்பே கட்டுரைகளை வைக்கும் முன்பதிப்புத் தளத்தில் ஏற்றலாம் என்றால், அங்கே ஏற்கெனவே எழுதியவர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். பதினொரு பேருக்கு எழுதினேன். பதில் போட்டவர் ஒருவர்தான், ஓய்வு பெற்ற பேராசிரியர். அவர் ஒப்புதல் தரவில்லை, ஒரு கேள்வி கேட்டார்: "கரோனா பிளாஸ்மா ஆயிற்றே, அதன் ஒளிவிலகல் எண் ஒன்றுக்கு மேலா, கீழா?"

கீழே. பிளாஸ்மா என்றால் எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் வாயு, அதில் ஒளிவிலகல் காற்றில் போல இருக்காது. காற்றுக்குப் போட்ட கணக்கை நான் அப்படியே அங்கே போட்டிருந்தேன். கரோனாவில் வெளியே போகப் போக எலக்ட்ரான் அடர்த்தி குறைகிறது, அதனால் கதிர் சூரியனை விட்டு விலகித்தான் வளையும். திசையே தலைகீழ். அதோடு பிளாஸ்மாவின் விளைவு அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகும், ரேடியோ அலையில் தெரியும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்றுமே மிஞ்சாது. அன்று இரவு நான் தூங்கவில்லை. 2002-இல் காசினி விண்கலம் சூரியனுக்குப் பின்பக்கம் போனபோது வெவ்வேறு அதிர்வெண்களில் சமிக்ஞை அனுப்பி கரோனாவின் பங்கைத் தனியே கழித்திருக்கிறார்கள், 2003-இல் வெளியான முடிவு லட்சத்தில் சில பங்குக்குள் சார்பியலோடு பொருந்துகிறது. நான் எழுப்பிய சந்தேகத்தை எனக்கு முன்பே ஒருவர் மதித்து அளந்து பார்த்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். சோப்ரால் தகடுகளும் அப்படித்தான், வெயிலில் கண்ணாடி சூடாகிக் குவியம் கலைந்த படங்கள் அவை, 1979-இல் மறுபடி அளந்தபோது 1.55 வந்திருக்கிறது, பிழை எல்லை பெரிதென்றாலும்.

அந்த ஒற்றைக் கேள்வியை முதல் ஆசிரியரே கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காமல் வளைவின் திசை, இரண்டு அதிர்வெண்களில் வரும் விடை, புதன் கோளின் சுற்றுப்பாதை நூறாண்டில் கூடுதலாகத் திரும்பும் 43 ஆர்க் செகண்ட், இந்த மூன்றையும் அனுப்பும் முன்பே போட்டுப் பாருங்கள்.

பழைய பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கரோனாவால் ஏன் முடியாது என்பதையே நாலு பக்கக் குறிப்பாக எழுதச் சொன்னார் பேராசிரியர். எழுதிக் கற்பித்தல் சார்ந்த ஒரு ஜர்னலுக்கு அனுப்பினேன், இந்த முறை மதிப்பாய்வுக்கே போய்ப் பதினேழு கேள்விகளோடு திரும்பி வந்திருக்கிறது. பதினாறுக்குப் பதில் எழுதியாயிற்று. எலக்ட்ரான் அடர்த்திக்கு எந்தக் கணித மாதிரியை எடுத்தாய், ஏன் என்பது மிச்சம், அதற்கு இந்த வாரம் உட்கார வேண்டும்.