துணி குடிக்கும் தண்ணீர்: ஒரு நார்வேச் சொல்

கப்பலில் பணிபுரியும் என் மைத்துனர் சென்ற முறை பாளையங்கோட்டைக்கு வந்தபோது, நார்வேத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய பருத்தித் துவாலை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதன் ஓரத்தில் தைத்திருந்த சீட்டில், துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்துத் துவைக்க வேண்டாம், அது துவாலையின் ‘ஸூகெஎவ்னெ’யைக் குறைத்துவிடும் என்று எழுதியிருந்தது. சீட்டின் பொருள் தெரிவதற்கு முன்பே எங்கள் வீட்டில் அந்தத் திரவத்தை ஊற்றித் துவைத்துவிட்டோம். அந்தத் திரவம் நூலிழைகளின்மேல் மெழுகுபோன்ற படலமாகப் படிந்துவிடுவதால், தலையைத் துவட்டினால் ஈரம் ஏறாமல் துணியின்மேல் வழுக்கியது. அன்று முதல் அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

சொல்லின் அமைப்பு எளியது. ‘ஸூகெ’ என்றால் உறிஞ்சுதல்; ‘எவ்னெ’ என்றால் திறன். இரண்டையும் சேர்த்தால், நம் பாடநூல்களில் உள்ள உறிஞ்சுதிறன் என்ற சொல் அப்படியே வந்துவிடுகிறது. நடுவில் இரண்டு எகரங்கள் நேருக்கு நேர் சந்திப்பது தமிழ்க் காதுக்குச் சற்று இடறும். நாமாக இருந்தால் இடையில் ஒரு யகர உடம்படுமெய்யை வைத்திருப்போம்.

முற்பகுதி, குழந்தை தாயிடம் பால் குடிப்பதைக் குறிக்கும் மிகப் பழைய வினை. நார்வே மொழிக்கு மூலமான பழைய நோர்சு மொழியில் அது ‘ஸூகா’; ஜெர்மன் மொழியின் ‘ஸாவ்கன்’, இலத்தீனின் ‘ஸூகெரெ’ ஆகியவை அதன் உறவுச் சொற்கள். நார்வேயில் தூசி உறிஞ்சும் கருவிக்கும் இளநீர்க் கடையில் நாம் கேட்கும் ‘ஸ்ட்ரா’வுக்கும் இந்த வினையிலிருந்தே பெயர் அமைந்திருக்கிறது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது பிற்பகுதிதான். ‘எவ்னெ’ என்பது பழைய நோர்சின் ‘எஃப்னி’ என்ற சொல்லோடு சேர்ந்தது. அச்சொல்லுக்கு ஒன்றைச் செய்வதற்கான மூலப்பொருள் என்றும் ஒரு பேச்சின் பொருள் என்றும் வழிவகை என்றும் பொருள்கள் உண்டு. இதே வேரிலிருந்து வந்த ‘எம்னெ’ என்ற சொல் இன்றைய நார்வே மொழியில் தச்சர் செதுக்க எடுக்கும் மரத்துண்டையும் குறிக்கிறது, மாணவர் படிக்கும் பாடத்தையும் குறிக்கிறது. நம்முடைய ‘பொருள்’ என்ற சொல்லும் பண்டமாகவும் செல்வமாகவும் கருத்தாகவும் விரிந்திருப்பதை எண்ணியபோது, ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே தடத்தில் நடந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

ஆனால் உறிஞ்சுதிறன் என்ற சொல் நம்மிடம் வகுப்பறையைத் தாண்டி வருவதில்லை. நார்வேயிலோ துவாலைச் சீட்டிலும் அதுவே, ஆய்வுக்கூடத்திலும் அதுவே; வண்ணம் பூசுவோரும் ஈரத்தை இழுக்கும் சுவரை அதே வினையால்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் வெள்ளையடிக்க வருபவர், “சுவரு பெயிண்டக் குடிக்கி” என்பார். வடை எண்ணெய் குடிக்கும், புதுச்செங்கல் தண்ணீர் குடிக்கும். உயிரில்லாத பொருளுக்கு வாய் வைத்துப் பேசும் இந்த வழக்கும், பால் குடிக்கும் குழந்தையிலிருந்து பிறந்த அந்த நார்வேச் சொல்லும் ஒரே கண்ணால் உலகைப் பார்த்தவை. ஆதலால், துணி வாங்குவோருக்கென்று எழுதும் சீட்டில் ‘நன்றாகத் தண்ணீர் குடிக்கும்’ என்று எழுதுவதே முறை என்பது என் உறுதியான எண்ணம்.

அம்பாசமுத்திரத்தில் என் அத்தை கோதுமைப் பாலில் அல்வா கிண்டும்போது நெய்க் கரண்டியோடு அருகில் நிற்பது சிறுவயதில் என் வேலை. நான் தயங்கினால், “இன்னும் குடிக்கும்லே, ஊத்து” என்பார். கரண்டி கரண்டியாக ஊற்றிய நெய் சுவடின்றி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில், பளபளவென்று சுருண்டு திரளும் அல்வாவின் ஓரமெல்லாம் நெய் கசிந்து வெளியே வரத் தொடங்கும். “கக்கிட்டு” என்று சொல்லி அத்தை சட்டியை இறக்கிவிடுவார். குடிப்பது முடியும் அந்த எல்லைக்கும் எங்கள் அடுப்படியில் ஒரு சொல் இருந்தது. நார்வேக்காரர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று அடுத்த முறை மைத்துனரிடம் கேட்க வேண்டும்.