உழவுக்காரர் வீட்டில் ஒரு வேலைக்காரி

பழைய கையெழுத்து ஆவணங்களைப் படித்துக் கணினியில் ஏற்றும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபோது, ஸ்காட்லாந்தின் 1861 சென்சஸ் தாள்கள் என் பங்குக்கு வந்தன. இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெர்விக்‌ஷயர் பகுதி. பெயர், உறவு, வயது, தொழில், பிறந்த ஊர் என்று வரிசையாகக் கட்டங்கள். ஸ்காட்லாந்தில் அந்த ஆண்டு ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்றும் கேட்டிருந்தார்கள். உழவுக்காரர் வீடுகளுக்கு நேரே 1, மிஞ்சினால் 2. நாடு முழுக்கவே மூன்றில் ஒரு பங்கு வீடுகள் ஒற்றை அறைதான் அப்போது.

அப்படி ஓர் ஒற்றை அறை வீட்டில் கணவன், மனைவி, நாலு பிள்ளைகள். கூடவே ‘வேலைக்காரி’ என்று 17 வயதுப் பெண் ஒருத்தி. கூலிக்கு ஏர் ஓட்டுகிறவருக்கு எதற்கு வேலைக்காரி? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. சில வீடுகள் தள்ளி இன்னொருவர் வீட்டிலும் அதே கதை.

அந்தக் காலத்து விவசாயக் கூலிகள் பற்றிய விவரங்களைத் தேடிப் படித்த பிறகுதான் விளங்கியது. அந்தப் பக்கத்தில் கல்யாணமான உழவுக்காரரைத் தனியாளாக வேலைக்கு எடுக்க மாட்டார்கள். வயலில் இறங்க ஒரு பெண்ணையும் அவர் கூட்டி வர வேண்டும், ஒப்பந்தமே அப்படி. வளர்ந்த மகள் இருந்தால் சரி. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒரு பெண்ணைத் தன் செலவில் அமர்த்தி, சோறு போட்டு, அந்த ஒரே அறையில் படுக்க இடமும் கொடுக்க வேண்டும். பண்ணைக்காரர் அவள் வேலை செய்த நாளுக்கு மட்டும் கூலி தருவார். மழை நாளில் அவள் சாப்பாடு இவர் தலையில். இவருடைய சம்பளமோ பெரும்பகுதி பணமாக வராது. ஓட்ஸாகவும் பார்லியாகவும் வரும், கூடவே உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலம், பசுவுக்குத் தீனி. 1860களில் இதை எதிர்த்து உழவுக்காரர்கள் குரல் எழுப்பியதில் வியப்பில்லை.

பிறந்த ஊர்க் கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூத்த பையன் ஸ்விண்டன், அடுத்தவள் எக்கிள்ஸ், அப்புறம் கோல்ட்ஸ்ட்ரீம், கைக்குழந்தை ஹட்டன். எல்லாம் சுற்றுவட்டார ஊர்கள்தாம். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. முடிந்தால் மே மாதம் மூட்டை முடிச்சைக் கட்டி அடுத்த பண்ணை. பெட்டிபோல் மூடிய மரக்கட்டில்கள்தான் முக்கியமான சாமான். புது வீட்டில் அவற்றைக் குறுக்கே நிறுத்திவிட்டால் ஒரு அறை இரண்டாகிவிடும்.

மனைவியின் தொழில் கட்டம் மட்டும் காலி. அறுவடைக்கு இறங்கி, கூலி வாங்காமல், வீட்டு வாடகையை உழைப்பாகவே கழித்தவள் அவள். “காலியா இருந்தா காலின்னு போட்டுட்டுப் போங்க, டார்கெட் இருக்கு” என்றார் டீம் லீடர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கணக்கெடுக்க வந்தவரே விட்டதை நாங்கள் நிரப்பக் கூடாது. ஆனாலும் எரிச்சலாக வந்தது.

இந்தத் தகவலையெல்லாம் காசு கொடுத்துத் தேடுகிறவர்கள் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் வாரிசுகள். அவர்களில் யாராவது அந்தப் பதினேழு வயதுக்காரியைப் பார்த்து, பரவாயில்லையே, வேலைக்காரி வைத்துக்கொள்ளும் அளவுக்கு நம் பாட்டனார் வசதியாக இருந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.