கம்பெனி வீட்டுக்கு என்ன பெயர் எழுதுவது?

நான் வண்டிப்பெரியார் பக்கம் ஓர் அக்ஷயா சென்டரில் வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இ-சேவை மையம் என்றால் புரியும். வருமானச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, பென்ஷன் மஸ்டரிங் (பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதைக் கைரேகை வைத்துப் பதிவது), பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் எல்லாம் இங்கேதான். வருகிறவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். என் தாத்தாவும் கம்பம் பக்கத்திலிருந்து குமுளி மலையேறிக் கொழுந்து பறிக்க வந்தவர். நான் பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற வரிசை வீட்டில்.

கேரளத்தில் அநேகமாக எந்த ஃபாரத்தை எடுத்தாலும் வீட்டுப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். மலையாளிகளுக்கு அது தலைமுறை தலைமுறையாக வருகிற பெயர். ஆளைக் கேட்பதற்கு முன்னால் வீட்டைக் கேட்பார்கள். லயத்துக்காரர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. எஸ்டேட் பெயர், டிவிஷன், லயம் நம்பர், அதில் எத்தனையாவது ரூம், அவ்வளவுதான் முகவரி. கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதனால் ஒரு முறை எஸ்டேட் பெயரை எழுதுவார்கள், இன்னொரு முறை 'லயம்' என்று எழுதுவார்கள். வேறொரு சென்டரில் புருஷன் பெயரையே வீட்டுப் பெயராகப் போட்டிருப்பார்கள். இதுபோக இனிஷியல் தொல்லை வேறு. ஆதாரில் அப்பா பெயர் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், பள்ளிச் சான்றிதழில் வெறும் ஓர் எழுத்து.

ரிட்டயர் ஆன ஒரு பெரியம்மாவின் விண்ணப்பம் இப்படித்தான் ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. பழைய சான்றிதழில் இருக்கிற வீட்டுப் பெயரும் இப்போது எழுதியதும் வேறு வேறாம். என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுப் பேரா? ஏன் பாப்பா, கம்பெனி வீட்டுக்கு நாம பேரு வைக்க முடியுமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பென்ஷன் மஸ்டரிங்குக்காகக் கைரேகை மெஷினில் அவர் விரலை வைத்தபோது அதுவும் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. ரேகை இருக்க வேண்டிய இடத்தில் தோல் வழவழவென்று தேய்ந்திருந்தது. முப்பது நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரல். ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, மோதிர விரல், சுண்டு விரல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். மெஷின் சிவப்பு விளக்கையே காட்டியது. கைரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி உண்டு, பஞ்சாயத்தில் உயிர்வாழ்ச் சான்று கொடுக்கலாம். அதற்கு அவர் இன்னொரு நாள் ஜீப் பிடித்து இறங்கி வர வேண்டும்.

இந்த ஃபாரத்தைத் தயாரித்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த ரூமில் லயத்தைத் தெரிந்த ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தக் கட்டம் வேறு மாதிரி வந்திருக்கும் என்பதுதான் என் எண்ணம். இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருப்பதைப் படித்தேன். காகிதப்பணிக் குறைப்புச் சட்டம் என்று தமிழில் சொல்லலாம். 1980இல் வந்தது, 1995இல் திருத்தி எழுதினார்கள். அந்நாட்டு மத்திய அரசுத் துறை ஒன்று, ஒரே கேள்விகளைப் பத்துப் பேரிடமோ அதற்கு மேலோ கேட்கப்போகிறது என்றால் முதலில் அரசிதழில் அறிவிக்க வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 60 நாள். பிறகு அதிபர் அலுவலகத்தின் கீழ் இருக்கும் பட்ஜெட் அலுவலகத்துக்கு அனுப்பும்போது இன்னும் 30 நாள். அங்கே ஒப்புதல் கிடைத்தால் ஃபாரத்துக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அந்த ஒப்புதலும் அதிகபட்சம் மூன்று வருஷத்துக்குத்தான், அப்புறம் மறுபடியும் கேட்க வேண்டும். செல்லுபடியாகும் எண் இல்லாத ஃபாரத்தை நிரப்பவில்லை என்பதற்காக யாரையும் தண்டிக்க முடியாது.

என்னை அசைத்தது இன்னொரு விஷயம். இந்த ஃபாரத்தை நிரப்ப ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று துறையே கணக்குப் போட்டு வெளியிட வேண்டும், அந்தக் கணக்கு சரிதானா என்று மக்களிடம் கேட்க வேண்டும். அதைப் படித்ததும் பெரியம்மாவின் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். மேல் டிவிஷனிலிருந்து ரோட்டுக்கு நடை, ஜீப்புக்குக் காத்திருப்பு, சென்டரில் வரிசை, சர்வர் வேலை செய்யாவிட்டால் மத்தியானம் வரை உட்காருவது, திரும்பிப் போகிற ஜீப். வேலையில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு நாள் கூலி. கூட மகள் வந்தால் இரண்டு கூலி. ஃபாரத்தின் தலைப்பில் இந்தக் கணக்கை அச்சடிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், பாதிக் கட்டங்களைத் துறையே அடித்துவிடும் என்று நம்புகிறேன்.

நம் நாட்டில் ஃபாரத்துக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டங்களுக்கும் விதிகளுக்கும் ஓரளவு இருக்கிறது. மத்திய அரசு 2014இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது: மசோதாவோ விதிகளோ கொண்டுவருவதற்கு முன் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும், சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி விளக்கக் குறிப்பு கொடுக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும். சுற்றுச்சூழல் விஷயம் என்றால் 1986ஆம் வருஷ விதிகளின்படி வரைவு அறிவிக்கைக்கு 60 நாள் ஆட்சேப காலம் உண்டு. எங்கள் மலைக்காரர்களுக்கு இந்த 60 நாள் பழகிப்போன விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதிக்கான (குவாரி, சுரங்கம், பெரிய கட்டுமானம் போன்றவற்றுக்குத் தடை வரும் பகுதி) வரைவு 2014இல் முதலில் வந்தது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31 தேதியிட்டது, வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாள். ஆறு மாநிலத்திலும் சேர்த்து 56,825.7 சதுர கிலோமீட்டர், அதில் கேரளத்தில் மட்டும் 9,993.7. இடுக்கிக் கிராமங்கள் பலவும் அதில் இருக்கின்றன. மலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு ரெண்டு கருத்து இல்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால்தான் அந்த வரைவில் என்ன எழுதியிருக்கிறது என்று லயத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன்.

மொழி இல்லாமல் 60 நாள் கொடுத்தாலும் 600 நாள் கொடுத்தாலும் ஒன்றுதான். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு (பெரிய திட்டங்களுக்கு அனுமதி தருமுன் சூழல் பாதிப்பைப் பார்ப்பதற்கான விதிகள்) ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஜூன் 30 அன்று நீதிமன்றம் ஆட்சேப காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்கச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவே இல்லை, 2006ஆம் வருஷத்து அறிவிக்கைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

பஃபர் சோன் சமாச்சாரத்தை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் சுற்றிக் குறைந்தது 1 கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது கட்டடங்களுக்கும் தொழில்களுக்கும் கட்டுப்பாடு உள்ள வளையம், வேண்டும் என்றது. பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருக்கிற எங்களுக்கு அடுப்பில் உலை வைக்கக்கூட மனசில்லாத நாட்கள் அவை. மாநில அரசு செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒரு கணக்கெடுப்பை டிசம்பரில் வெளியிட்டது. வீடுகள் விட்டுப்போயிருக்கின்றன என்று ஊர் ஊராகப் புகார் கிளம்பியது. பஞ்சாயத்துகளில் ஹெல்ப் டெஸ்க் வைத்து 2023 ஜனவரி 7 வரை ஆட்சேபம் வாங்கினார்கள். நீதிபதி தோட்டத்தில் ராதாகிருஷ்ணன் தலைமையில் நிபுணர் குழுவும் இருந்தது. கடைசியில் 2023 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றமே அந்த 1 கிலோமீட்டர் உத்தரவைத் தளர்த்தியது.

அப்போது எங்கள் ஆட்களுக்கு ஆட்சேபம் எழுதித் தந்தவர்களில் நானும் ஒருத்தி. வானத்திலிருந்து பார்த்தால் லயம் என்பது நீளமான ஒரே தகரக் கூரை. கூரைக்குக் கீழே ஆறு குடும்பம், எட்டுக் குடும்பம். இது ஒரு கட்டடமா, எட்டு வீடா? அடுத்த கேள்வி அதைவிடக் கஷ்டம். நிலம் யாருடையது என்று வந்தாலே லயத்துக்காரர்களுக்குப் பேச்சு நின்றுவிடும். நிலமும் வீடும் கம்பெனியுடையது. வீட்டை இழக்கப்போகிறோமோ என்று பயந்து வந்தவர்களுக்கு, ஆட்சேபம் சொல்லத் தங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. குடியிருக்கிறவருக்கும் உரிமை உண்டு, பாதிக்கப்படுகிற யாரும் எழுதலாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

சரி, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குழுவில் யார் இருக்கிறார்கள்? அறிஞர்கள் வேண்டும், அதிகாரிகளும் வேண்டும். அவர்கள் பக்கத்தில் கூடை சுமந்த ஒருத்திக்கும் நாற்காலி வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த மாதவ் காட்கில் குழுவிலும் சரி, பிறகு வந்த கஸ்தூரிரங்கன் குழுவிலும் சரி, தோட்டத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. அமெரிக்காவில் ஆலோசனைக் குழுக்களுக்கென்று 1972ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் ஒரு பக்கமாகச் சாயாமல் பல தரப்பிலிருந்தும் வர வேண்டும், கூட்டம் எப்போது என்று முன்கூட்டியே அரசிதழில் சொல்ல வேண்டும் என்கிறது.

நாற்காலி மட்டும் கிடைத்தால் போதாது என்பதை 2015 செப்டம்பரில் மூணாறு காட்டியது. கேரளத்தில் தோட்டக் கூலியைப் பேசி முடிக்க பிளாண்டேஷன் லேபர் கமிட்டி இருக்கிறது. முதலாளி, தொழிற்சங்கம், அரசு, மூன்று தரப்பும் உண்டு. தொழிலாளிக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் கொழுந்து பறிக்கிற பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், எங்களுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை என்று சொல்லி, சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். அக்டோபரில் அதே கமிட்டி தினக்கூலியை 232 ரூபாயிலிருந்து 301 ஆக்கியது. அவர்கள் கேட்டது 500. அந்த நாட்களில் எங்கள் லயத்துப் பெண்கள் டிவி முன்னால் நின்றுகொண்டே சோறு சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நம்ம சித்தி மாதிரி பேசுறா பாரு என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள்.

ஆகவே குழுவுக்கு ஆள் நியமிக்கும்போது யாருடைய பெயர் பரிசீலனையில் இருக்கிறது என்பதையும் ஊருக்குச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். பெயர் வெளியே வந்தால்தான் அந்த ஆள் எங்களுக்குத் தெரிந்தவரா என்று நாங்கள் சொல்ல முடியும். பெயர் சொல்ல இரண்டு வாரம் கொடுத்தால்கூடப் போதும்.

தமிழில் எழுதினால் எடுப்பார்களா என்று பலரும் கேட்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்குகிற எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் தலைமைச் செயலகத்துக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்று இருக்கிறது. சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். நான் இப்போது எல்லா மனுவின் தலையிலும் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறேன். கவுண்டரில் பேச்சு குறைகிறது.

ஆட்சேபம் எழுத வக்கீல் தேவையில்லை. வரைவின் எண், தேதி, எந்தப் பத்தி உங்களைப் பாதிக்கிறது, எப்படிப் பாதிக்கிறது, அதற்குப் பதில் என்ன எழுதலாம். இவ்வளவு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். 'நாங்கள் எதிர்க்கிறோம்' என்று நூறு பேர் ஒரே அச்சில் கையெழுத்துப் போடுவதைவிட, எங்கள் லயத்தில் எட்டுக் குடும்பம் இருக்கிறது, படத்தில் ஒன்றுதான் காட்டுகிறது என்று ஒருத்தர் எழுதுவதற்குக் கனம் அதிகம். கடைசி நாளுக்கு முன்பே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உதவி வேண்டியிருக்கிறது. மத்திய அரசிதழில் வருவது நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். கடைசி வரை படித்து, எங்கள் பக்கத்து ஊர் எதில் வருகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். பீர்மேடு, தேவிகுளம், உடும்பஞ்சோலைப் பக்கம் பிறந்து இப்போது கோயம்புத்தூரிலோ எர்ணாகுளத்திலோ வேலையில் இருக்கிற பிள்ளைகள் இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள். படித்துச் சொல்ல ஆள் கிடைத்தால், எழுதிக் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.