அப்பத்தாவிடம் கேட்க வேண்டிய கேள்வி

பாம்பனை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பல வருடங்களாக என் வகுப்பில் செயல்திட்டம் என்றால் சார்ட் பேப்பர், தெர்மாகோல் ரயில், நெட் சென்டரில் எடுத்த பிரிண்ட், அவ்வளவுதான். பாம்பன் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது என்று எல்லாரும் அழகான கையெழுத்தில் எழுதி வருவார்கள். நானும் மதிப்பெண் போட்டுவிடுவேன். தினமும் அந்தப் பாலத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளைகளின் மனதில் அந்த வருடம் ஒட்டவே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை 1964 தனுஷ்கோடிப் புயலை எடுத்துக்கொண்டோம். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரவேண்டும், அதன்பிறகுதான் புத்தகமும் போனும் என்றேன். முதல் வாரம் வெறுங்கையோடு வந்தார்கள். "புயல் எப்ப வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். "அது ஆச்சுத்தா ரொம்ப வருசம்" என்று பதில் வந்திருக்கிறது. கேள்வியில்தான் கோளாறு. எல்லாரும் உட்கார்ந்து கேள்விகளை மாற்றினோம். அன்னைக்கு அடுப்புல என்ன இருந்துச்சு? எந்தக் காத்து அடிச்சுச்சு? வீட்டை விட்டு ஓடும்போது கையில எதை எடுத்தீங்க?

அடுத்த வாரம் ஒரு மாணவி மூன்று பக்கம் எழுதி வந்தாள். புயலின்போது அவளுடைய அப்பத்தாவுக்குப் பன்னிரண்டு வயது, தனுஷ்கோடியில் ஓலை வீடு. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வாடைக்காற்று கூரையைப் பிய்த்ததும் ஒரு கையில் தம்பியையும் மறு கையில் பித்தளைச் செம்பையும் பிடித்துக்கொண்டு மணல் மேட்டுக்கு ஓடியிருக்கிறார். செம்பு ஏன் என்று பேத்தி கேட்டிருக்கிறாள். "தம்பி தண்ணி கேப்பான்ல" என்றாராம். இதை வாசிக்கும்போது அவள் குரல் தழுதழுத்தது.

கடைசியில் ஒரு வரி: "பௌர்ணமி கழிஞ்சு மூணாம் நாளு, செவ்வாக்கெழமை."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "இவ்வளவு வருசம் கழிச்சுச் சொல்றதை எப்படி டீச்சர் நம்புறது?" இத்தனை வருடப் பணியில் இப்படி ஒரு கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. சரிபார்ப்போம் என்றேன். போனில் பழைய காலண்டரைத் தேடினோம். 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. பௌர்ணமி 19-ஆம் தேதி. அந்த மாணவி எதுவும் பேசவில்லை. நோட்டில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். கடலை நம்பிப் பிழைக்கிற வீடுகளில் நிலாவும் காற்றும்தான் நாள்காட்டி என்று நான் நடத்தியதில்லை, அன்றைக்கு அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

அதன்பிறகு வகுப்பை நிறுத்த முடியவில்லை. அன்று இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து கிளம்பி, தனுஷ்கோடியை எட்டும் முன் கடல் அடித்துச் சென்ற 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலில் எத்தனை பேர் போனார்கள்? ஓரிடத்தில் 115 என்று இருந்தது. இன்னோரிடத்தில் இருநூறு வரை. எதை எழுதுவது என்று சண்டையே வந்துவிட்டது. சீட்டு எடுத்தவர்களை மட்டும் எண்ணினால் ஒரு கணக்கு, எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் வேறு கணக்கு என்பது புரிய இரண்டு பீரியட் ஆனது. பாடத்திட்டம் பின்தங்கியதுதான். அதற்காக எனக்கு வருத்தமில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்த கதையை இன்னொரு குழு எடுத்தது, அதுவும் நன்றாகவே வந்தது.

ஒரு விஷயத்தில் நான் தவறினேன். புயலில் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பெரியவரிடம் இரண்டு பையன்களை அனுப்பினேன். அவர் வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. "அதையெல்லாம் கிளறாதீங்கப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். பையன்கள் அழுதுகொண்டே திரும்பினார்கள். முதலில் நான் போய்ச் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் நான் போய் வந்த வீட்டுக்கு மட்டுமே பிள்ளைகளை அனுப்புகிறேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டார்கள். வேண்டாம், அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள் என்றேன். பெயர் போடாமல், தேதியும் அந்த ஒரு வாக்கியமும் மட்டும் எழுதினார்கள். மறுநாள் அதில் ஒருவன் என் மேசைக்கு வந்தான்.

"டிக்கெட் எடுக்காம ஏறுனவங்க பேரெல்லாம் எங்க டீச்சர் எழுதியிருக்கும்?"